பங்க் ராக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: எங்கே ஆரம்பிப்பது, எப்படிப் போவது

1970களில் கிளம்பிய வேகமான, எளிமையான ராக் இசையான பங்க் ராக்கைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு, கண்ணில் பட்ட ‘தலைசிறந்த ஆல்பங்கள்’ பட்டியல் ஒன்றைத் திறந்து, மூன்றாவது பாட்டிலேயே அணைத்துவிட்டவர்கள் என் நண்பர்களிலேயே சிலர் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் பேட் பிரெய்ன்ஸ் குழுவில் நேராகப் போய் விழுந்தேன். வெறும் இரைச்சல் என்று முடிவு செய்து இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ரமோன்ஸ் வழியாகத் திரும்பி வந்தபோது, அதே பேட் பிரெய்ன்ஸ் என்னை நாற்காலியில் உட்காரவிடவில்லை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பட்டியல்கள் குழுக்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்துகின்றன. பங்க் அப்படி வளர்ந்த இசை அல்ல. ஒரு குழு மேடையில் வாசிப்பதைப் பார்த்த யாரோ ஒருவர், ‘இது நமக்கும் வருமே’ என்று மறுநாளே ஒரு கிதார் வாங்கியிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர். யார் யாரைப் பார்த்து மேடை ஏறினார்கள் என்று தெரிந்துகொண்டு அந்த வரிசையில் கேட்டால், ஒவ்வொரு குழுவும் எதைப் புதிதாகச் சேர்த்தது என்பது காதுக்கே புரியும்.

தொடங்கும் முன்

இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி வரும் ஹெட்போன் ஒன்று வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பாடல் வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாளைக்கு அது இல்லாமல் முடியாது. பாடகர்கள் கத்துவதால் மட்டும் அல்ல, லண்டன் தெருப் பேச்சும் நியூயார்க் தெருப் பேச்சும் நமக்குப் பழகியவை அல்ல. ஒரே மூச்சில் பல குழுக்களைக் கேட்காதீர்கள். ஒரு மாலைக்கு ஒரு ஆல்பம். பெரும்பாலானவை 40 நிமிடத்தைத் தாண்டாது. சமையலுக்கும் பயணத்துக்கும் பின்னணியாக ஓடவிடுவதைப் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்தது. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும். ஆரம்பகால பங்க்கில் இடையிசை என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது. கிதார் தனி ஆவர்த்தனமும் அரிது. இசைக்கலைஞரின் வித்தையைக் காட்டும் இடங்களை வேண்டுமென்றே வெட்டி எறிந்த இசை இது. எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்துவிட்டால் பாதித் தடை நீங்கிவிடும்.

முதல் மாலை: ரமோன்ஸ், 29 நிமிடம்

1974-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நான்கு இளைஞர்கள் தொடங்கிய குழு. நால்வரும் அண்ணன் தம்பிகள் அல்ல. ஆனாலும் ஜோயி, ஜானி, டீ டீ, டாமி என எல்லோரும் ‘ரமோன்’ என்ற ஒரே குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். பவரி தெருவில் இருந்த சி.பி.ஜி.பி. என்ற சிறிய மது விடுதிதான் அவர்களின் மேடை. பாடகி பேட்டி ஸ்மித், டெலிவிஷன், டாக்கிங் ஹெட்ஸ் குழுக்கள் எல்லோரும் அதே இடத்தில்தான் வளர்ந்தார்கள்.

அவர்களுடைய முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது. பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர். 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடம். இதை மூன்று முறை கேளுங்கள், மூன்று விதமாக.

முதல் முறை சும்மா கேளுங்கள். ‘பிளிட்ஸ்கிரீக் பாப்’ பாட்டின் கோஷம் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை, ஹெட்போனில் ஒரு காதை மட்டும் கழற்றிவிடுங்கள். பிறகு மாற்றிக் கழற்றுங்கள். இந்த ஆல்பத்தில் பேஸ் கிதாரை ஒரு பக்கத்திலும் கிதாரை மறு பக்கத்திலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிரம்ஸும் குரலும் நடுவில். கிதார் உள்ள பக்கத்தை மட்டும் கேட்டால் ஜானி என்ன செய்கிறார் என்று தெளிவாகத் தெரியும். சாதாரணமாகக் கிதார் வாசிப்பவர் கையை மேலும் கீழுமாக ஆட்டுவார். ஜானி மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார், அதுவும் அந்த வேகத்தில், பாட்டு முழுக்க. எளிது என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் முயன்று பார்க்கலாம், மணிக்கட்டு சொல்லிவிடும். பங்க் கிதாரின் அந்த இடைவிடாத சுவர் போன்ற ஒலி இங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாம் முறை மெட்டை மட்டும் கவனியுங்கள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தால் அடியில் இருப்பது 1960களின் இனிமையான பாப் மெட்டு. ‘ஐ வான்னா பி யுவர் பாய்ஃப்ரெண்ட்’ பாட்டில் அது மறைவில்லாமலே தெரியும். பங்க்கில் மெட்டு இல்லை என்று யாராவது சொன்னால் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

இந்த ஆல்பம் வந்த காலத்தில் விற்கவில்லை. அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளுக்கான தங்கத் தட்டுச் சான்று 2014-இல்தான் கிடைத்தது, 38 ஆண்டுகள் கழித்து. ஜோயி, டீ டீ, ஜானி மூவரும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் டாமியும் போய்விட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு படி பின்னால்: டெட்ராய்ட்

ரமோன்ஸ் பிடித்துவிட்டால் ஒரு மாலை மட்டும் பின்னோக்கிப் போங்கள். டெட்ராய்ட் நகரம் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 1967-இல் தொடங்கிய தி ஸ்டூஜஸ் குழுவின் ‘ஃபன் ஹவுஸ்’ (1970) போதும். இக்கி பாப் பாடுவதில் ஒரு கட்டத்துக்கு மேல் சொற்கள் உடைந்து வெறும் குரலாகிவிடும். அதே வட்டாரத்தில் டெத் என்றொரு குழு இருந்தது. மூன்று கறுப்பினச் சகோதரர்கள். 1975-இல் அவர்கள் பதிவு செய்த பாடல்கள் ரமோன்ஸுக்கும் முந்தியவை. குழுவின் பெயரை மாற்றச் சொன்னபோது மறுத்துவிட்டதால் அந்தப் பதிவுகள் கிடப்பில் கிடந்து, 2009-இல்தான் ஆல்பமாக வந்தன. ‘பாலிடீஷியன்ஸ் இன் மை ஐஸ்’ பாட்டைத் தவறவிடாதீர்கள். பங்க் வெள்ளைக்காரப் பையன்களின் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறவர்களுக்கு அந்த ஒரு பாட்டே பதில்.

லண்டன், 1976

இங்கேதான் சங்கிலி வேகமெடுக்கிறது. 1976 ஜூலை 4 அன்று ரமோன்ஸ் லண்டன் ரவுண்ட்ஹவுஸில் வாசித்தார்கள். அதே இரவு ஷெஃபீல்டில், செக்ஸ் பிஸ்டல்ஸ் நிகழ்ச்சியின் துணைக் குழுவாக தி கிளாஷ் தன் முதல் கச்சேரியை வாசித்தது. அந்த நாட்களில் கிளாஷ் உறுப்பினர்கள் ரமோன்ஸைச் சந்தித்தார்கள். நாங்கள் இன்னும் அவ்வளவு நன்றாக வாசிப்பதில்லை என்று அவர்கள் தயங்கியதும், எங்களுக்கும் வாசிக்கத் தெரியாது, மேடையில் ஏறுங்கள் என்று ஜானி சொன்னதும் பங்க் வரலாற்றில் மறுபடி மறுபடி சொல்லப்படும் கதை.

செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். அவர்களுக்கு இருப்பதே ஒரு ஸ்டுடியோ ஆல்பம், 1977 அக்டோபரில் வந்தது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் ராணியின் வெள்ளிவிழாவின்போது வெளியான ‘காட் சேவ் த குவீன்’ பாட்டை பி.பி.சி. தடை செய்தது. தடையோடே அது விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. 1978 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரி, அத்துடன் குழு கலைந்தது. கேட்கும்போது பாடகர் ஜானி ராட்டனின் உச்சரிப்பைக் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் இழுத்துக் கடிப்பார். கிதார் நன்றாகத் திட்டமிட்டுப் பல அடுக்காகப் பதிவு செய்யப்பட்டது. ‘வாசிக்கத் தெரியாதவர்கள்’ என்ற பேச்சு இந்த ஆல்பத்துக்குப் பொருந்தாது.

என் கணக்கில் பிஸ்டல்ஸ் விட்டுச்சென்ற பெரிய சொத்து அவர்களைப் பார்த்துக் கிளம்பியவர்கள்தான். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ஒரு சிறிய அரங்கில் அவர்கள் வாசித்தபோது வந்த கூட்டம் மிகச் சிறியது. அதில் இருந்த பீட்டர் ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிதார் வாங்கினார். பிறகு ஜாய் டிவிஷன் குழுவில் வாசித்தார். அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்த ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் பஸ்காக்ஸ் குழுவைத் தொடங்கியவர்கள். அதே ஆண்டு ஜூலை 3 அன்று ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்தில் பிஸ்டல்ஸ் வாசித்ததை, தன் 19-ஆவது பிறந்தநாளில், ஒரு பெண் பார்த்தார். அவருக்கு நாளை மறுநாள் வருவோம்.

பஸ்காக்ஸ்: நான்கு பாட்டு, ஒரு பாடம்

1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற நான்கு பாட்டு இசைத்தட்டை வெளியிட்டது. எந்த நிறுவனத்தையும் தேடிப் போகவில்லை. கடன் வாங்கி, தாங்களே பதிவு செய்து, தாங்களே அச்சடித்து விற்றார்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது என்பதைக்கூட அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். இதற்குள் ஒளிந்திருக்கும் மாயம் எதுவுமில்லை, நீங்களும் செய்யலாம் என்று சொல்லும் அட்டை அது. பிரிட்டனில் சொந்தமாக இசைத்தட்டு போடும் சிறு நிறுவனங்கள் அடுத்தடுத்து முளைத்ததற்கு இது பெரிய தூண்டுதல். ‘போர்டம்’ பாட்டைக் கேளுங்கள். அதில் வரும் கிதார் தனி ஆவர்த்தனத்தில் இரண்டே சுரங்கள், திரும்பத் திரும்ப. அலுப்பைப் பற்றிய பாட்டுக்கு அலுத்துப்போன ஆவர்த்தனம்! இதைவிடப் பொருத்தமான ஒன்றை ராக் இசையில் நான் கேட்டதில்லை.

அந்தப் பெண்: பாலி ஸ்டைரீன்

தந்தை சோமாலியர், தாய் பிரிட்டிஷ்காரர். பல்லில் கம்பி போட்டிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. அவர் பாடிய எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவில் கிதாருக்குச் சமமாக சாக்ஸஃபோன் ஒலிக்கும். 1977-இல் வந்த ‘ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்’ பாட்டு, சிறுமிகள் கண்ணுக்குத் தெரியலாம், சத்தம் கேட்கக் கூடாது என்று சிலர் நினைப்பதை மென்மையான பேச்சுக் குரலில் சொல்லித் தொடங்கும். அடுத்த வரியில் அந்தக் குரல் வெடிக்கும். முதல் முறை கேட்கும்போது ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்திருங்கள். 1978-இல் வந்த ‘ஜெர்ம்ஃப்ரீ அடோலசன்ட்ஸ்’ ஆல்பம் முழுக்க பிளாஸ்டிக், விளம்பரம், கடைப்பொருள் மோகம் பற்றியது. இன்றைக்கு எழுதியதுபோல இருக்கிறது. ஒரே ஒரு பிரிட்டிஷ் பங்க் ஆல்பம் மட்டும் கேட்க நேரம் உண்டு என்று யாராவது என்னிடம் சொன்னால், தயங்காமல் இதைத்தான் கொடுப்பேன்.

இதற்கு அடுத்து தி ஸ்லிட்ஸின் ‘கட்’ (1979). பெண்கள் தொடங்கிய குழு, ஜமைக்க இசையான ரெகேயின் தயாரிப்பாளர் டென்னிஸ் போவெல் தயாரித்தது. ரமோன்ஸின் சுவர் ஒலிக்கு நேர் எதிர். இசைக்கருவிகளுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கிளாஷுக்கு இரண்டு மாலை

முதலில் 1977-இல் வந்த முதல் ஆல்பம். அதில் ஜூனியர் மர்வினின் ரெகே பாட்டான ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ ஒன்றை ஆறு நிமிடம் பாடியிருப்பார்கள். லண்டன் பங்க் இளைஞர்களும் ஜமைக்கக் குடியேறிகளின் பிள்ளைகளும் ஒரே தெருக்களில் வளர்ந்தவர்கள் என்பது அந்தப் பாட்டில் கேட்கும்.

இதன் பின்னணியைத் தெரிந்துகொள்வது அவசியம். 1970களின் பிரிட்டனில் நேஷனல் ஃபிரன்ட் என்ற இனவாதக் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. 1976 ஆகஸ்டில் புகழ்பெற்ற கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதற்கு எதிர்வினையாக ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பெரும் ஊர்வலம் நடந்தது. பூங்கா மேடையில் கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸ் எல்லோரும் வாசித்தார்கள். தொடக்ககால பங்க் படங்களில் சிலர் ஸ்வஸ்திகா சின்னம் அணிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அதிர்ச்சி கொடுக்க என்று செய்தது. எனக்கு அது எந்தக் காரணத்துக்காகவும் ஏற்புடையது அல்ல. அதே பங்க்குக்குள்ளிருந்துதான் அதற்கு வலுவான எதிர்ப்பும் எழுந்தது. 1981-இல் கலிஃபோர்னியாவின் டெட் கென்னடிஸ் குழு, நாஜி வேடம் போடும் பங்க் ரசிகர்களை வெளியே போகச் சொல்லி ஒரு பாட்டே போட்டது.

இரண்டாவது மாலைக்கு ‘லண்டன் காலிங்’. 1979 டிசம்பரில் வந்த இரட்டை ஆல்பம், ஒற்றை ஆல்பத்தின் விலைக்கு விற்கச் சொல்லி நிறுவனத்தோடு மல்லுக்கட்டி வெளியிட்டார்கள். 19 பாடல்களில் ரெகே, அதற்கு முந்தைய ஜமைக்க நடன இசையான ஸ்கா, 1950களின் ராக் வகையான ராக்கபிலி, ஜாஸ் சாயல் எல்லாம் உண்டு.

நமக்கு நெருக்கமான ஒரு கிளை இங்கே பிரிகிறது. கிளாஷின் 1982 ஆல்பத்தில் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ என்றொரு பாட்டு, வந்த நாட்டில் யாருக்கும் வேண்டாதவர்களாக நிற்கும் மனிதர்களைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரால் லண்டனுக்கு அகதியாக வந்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ., 2007-இல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டை அந்தக் கிதார் இசைத்துணுக்கின் மேல்தான் கட்டினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கிளாஷ் வெளியிலிருந்து பாடியதை, இவர் உள்ளிருந்து பாடுகிறார்.

வட அயர்லாந்தை விட்டுவிட மனம் வரவில்லை. டெர்ரி நகரத்து அண்டர்டோன்ஸ் 1978-இல் போட்ட ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டை வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். அதன் வரி ஒன்று இன்று அவர் கல்லறைக் கல்லில் இருக்கிறது. இரண்டரை நிமிடப் பாட்டு. கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஹார்ட்கோர்: இங்கே அவசரப்படாதீர்கள்

1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் பங்க் இன்னும் வேகமானது, இன்னும் குறுகியது. அதற்குத்தான் ஹார்ட்கோர் என்று பெயர். என்னை முதலில் விரட்டிய இடம் இதுதான். இரண்டு வாரமாவது மேலே சொன்னவற்றைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

பேட் பிரெய்ன்ஸ் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த நான்கு கறுப்பின இசைஞர்கள். ஜாஸையும் ராக்கையும் கலக்கும் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதால் அந்த வேகத்திலும் ஒரு அடி பிசகாது. மின்னல் தாக்கும் நாடாளுமன்றக் கோபுரம் வரைந்த மஞ்சள் அட்டையுடன் 1982-இல் கேசட்டாக வந்த ஆல்பத்தை எடுங்கள். கேட்கும் முறை இதுதான்: குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். வேகத்துக்கு நடுவில் திடீரென ரெகே பாட்டு வரும். அது மூச்சுவிடும் இடம். அடுத்த சுற்றில் கிதார். மூன்றாவது சுற்றில் பாடகர் ஹெச்.ஆரின் குரல்.

அவர்களைப் பார்த்து வளர்ந்த பள்ளிப் பையன்களில் ஒருவர் இயன் மக்கை. 1980-இல் நண்பர்களோடு டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆரம்பத் தட்டுகளின் அட்டைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அவருடைய மைனர் திரெட் குழு 1981-இல் பாடிய ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ 46 விநாடிதான். குடியும் போதையும் வேண்டாம் என்ற அந்தச் சிறு பாட்டிலிருந்து ஒரு வாழ்க்கைமுறையே கிளம்பியது. கையில் பெருக்கல் குறி வரைந்துகொள்ளும் வழக்கம், வயது குறைந்தவர்களுக்கு மது கொடுக்காமலிருக்க விடுதிகள் போட்ட அடையாளத்திலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் (‘டேமேஜ்ட்’, 1981) இதே காலத்தில் இருண்ட, கனத்த பாதையில் போனது. மனம் நன்றாக இருக்கும் நாளில் கேளுங்கள்.

மக்கை 1987-இல் தொடங்கிய ஃபுகாஸிதான் எனக்கு இந்த வரிசையிலேயே பிடித்த குழு. ‘வெயிட்டிங் ரூம்’ பேஸ் கிதாரில் தொடங்கி, சூடு பிடிக்கும் நேரத்தில் சட்டென்று நிற்கும். முழு மௌனம். பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் உள்ளே வருவார்கள். அந்த மௌனத்தைக் கவனித்தவர் பிறகு பங்க்கை வேறு மாதிரிக் கேட்பார். நுழைவுக் கட்டணம் 5 டாலர் அளவிலேயே இருக்க வேண்டும், எல்லா வயதினரும் வரலாம் என்பதில் கடைசி வரை பிடிவாதமாக இருந்தார்கள்.

1994

பெர்க்லியின் கில்மன் தெரு 924-ஆம் எண் கட்டடத்தில் தன்னார்வலர்கள் நடத்திய அரங்கில் வளர்ந்த கிரீன் டே, பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்து 1994 பிப்ரவரியில் ‘டூக்கி’யை வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. பெரிய நிறுவனங்களில் சேர்ந்த குழுக்களுக்குக் கில்மனில் இடமில்லை என்பது விதி. அதனால் தாய்வீட்டுக் கதவே அவர்களுக்கு மூடியது. 2015-இல் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காகத்தான் மறுபடி அங்கே வாசித்தார்கள். அதே 1994-இல் ஆஃப்ஸ்பிரிங்கின் ‘ஸ்மாஷ்’, எபிடாஃப் என்ற சுயேச்சை நிறுவனத்திலிருந்து வந்து உலகெங்கும் பறந்தது. உங்களில் பலருக்கு பங்க் என்றால் முதலில் காதில் விழுந்தது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். இப்போது திரும்பக் கேட்டால் ‘டூக்கி’க்குள் ரமோன்ஸும் பஸ்காக்ஸும் இருப்பது தெரியும்.

பிகினி கில்லிலிருந்து நூலகம் வரை

1990-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் தொடங்கிய குழு. ஹார்ட்கோர் கச்சேரிகளில் முட்டி மோதும் ஆண்கள் கூட்டத்தால் பெண்கள் பின்சுவரோடு ஒட்டி நின்ற காலம். குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா மேடையிலிருந்து பெண்களை முன்வரிசைக்கு அழைத்தார். அவர்களின் முதல் தட்டின் பெரும்பகுதியைப் பதிவு செய்து கொடுத்தவர் நாம் மேலே பார்த்த இயன் மக்கை. ‘ரெபெல் கேர்ள்’ பாட்டின் 1993 சிங்கிள் வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். ராக் பாடகி ஜோன் ஜெட் தயாரித்தது, மற்ற பதிவுகளைவிடக் கூர்மையானது.

2019-இல் பிகினி கில் மீண்டும் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வாசித்தபோது, முன்னதாக மேடை ஏறியவர்கள் நான்கு சிறுமிகள்: லின்டா லின்டாஸ். 2021 மே மாதம் அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகத்தில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே வாசித்தார்கள். டிரம்ஸ் வாசித்த மிலாவுக்கு அப்போது 10 வயது. சீனர்களிடமிருந்து விலகி இருக்கச் சொல்லித் தன் அப்பா சொன்னதாக வகுப்பில் ஒரு பையன் அவளிடம் கூறியிருக்கிறான்; அதைத்தான் பாட்டாக்கியிருந்தார்கள். காணொளி எளிதில் கிடைக்கும், பாருங்கள். மறு வருடம் அவர்களின் முதல் ஆல்பத்தை எபிடாஃப் வெளியிட்டது. பிரிஸ்டலின் ஐடில்ஸ், மெல்போர்னின் ஆமில் அண்ட் த ஸ்னிஃபர்ஸ், பால்டிமோரின் டர்ன்ஸ்டைல் என்று இன்றைய குழுக்களை இதற்குப் பிறகு நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

நேரில் கேட்க வாய்ப்பில்லாத நமக்கு இன்னொரு வழியும் உண்டு. ஃபுகாஸி தன் கச்சேரிகளில் 800-க்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்து வைத்திருந்தது. டிஸ்கார்டின் இணையதளத்தில் தேதி, ஊர் வாரியாக அவற்றைப் பார்க்கலாம். நீங்கள் பிறந்த வருடத்தையோ பள்ளி முடித்த வருடத்தையோ தேடி ஒரு கச்சேரியைத் தேர்ந்தெடுங்கள். பரிந்துரைக்கும் விலை அங்கேயும் 5 டாலர்தான். பதிவு சுத்தமாக இருக்காது. கூட்டத்தின் கூச்சலும், பாட்டுக்கு நடுவே முட்டி மோதுகிறவர்களை மேடையிலிருந்து நிறுத்தச் சொல்லும் மக்கையின் குரலும் அதில் இருக்கும். ‘வெயிட்டிங் ரூம்’ வந்தால் அந்த மௌனத்தில் கூட்டம் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.